தலையில் மரக்கால் சுமந்த சாமி

நாள் 1: கெய்ரோ

பிரமிடு பார்த்தாயிற்று. காலையிலேயே போனோம், ஒட்டகக்காரர்களிடம் நாலு தடவை "வேண்டாம்" சொன்னோம், படம் எடுத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிட்டோம். அதைப் பற்றி எழுதப் போவதில்லை. அதை எழுதாதவர்கள் இல்லை. நான் வந்த காரியத்தின் அகலம் இரண்டரை சென்டிமீட்டர்தான்.

மூன்று வருஷத்துக்கு முன், என் 60 முடிந்ததற்கு லண்டனில் இருக்கும் மகள் ஒரு பழைய நாணயம் வாங்கினாள். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் காசாளராகப் பணம் எண்ணிய அப்பாவுக்கு வேறென்ன கொடுப்பது என்று யோசித்திருப்பாள் போல. நாணயம் அவள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. விற்றவர் உறைமேல் எழுதியது இவ்வளவுதான்: "ஹேட்ரியன், அலெக்ஸாந்திரியா, டெட்ராட்ராக்ம், செராபிஸ்." ஹேட்ரியன் ரோமானியப் பேரரசர், செராபிஸ் பின்பக்கத்தில் இருக்கும் சாமி. என்னிடம் இருப்பது ஒரு மங்கலான போட்டோவும், போன வருஷம் அங்கே போனபோது பட்டர் பேப்பரை நாணயத்தின்மேல் வைத்துப் பென்சிலால் மெல்லத் தேய்த்து எடுத்த பதிவும். இந்தத் தேய்ப்பு வித்தை என்னுடையதில்லை. ஜோவான்னி தாத்தாரி என்ற இத்தாலியர் கெய்ரோவில் குடியிருந்துகொண்டு அலெக்ஸாந்திரிய நாணயங்களாகவே சேர்த்தார். 1901இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பட்டியல் போட்டு அச்சிட்டார். தன் நாணயங்களை இப்படித்தான் தாளில் தேய்த்தும் வைத்திருந்தார். அவர் ஊரில் அவர் வித்தையோடு வந்து இறங்கியிருக்கிறேன் என்பதில் எனக்கு ஓர் அல்ப சந்தோஷம்.

மூன்று வருஷமாகப் போட்டோவையும், போன வருஷத்திலிருந்து இந்தப் பதிவையும் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு சந்தேகம். அது செராபிஸ் இல்லையோ?

தெரியாதவர்களுக்காக: ரோமாபுரி எகிப்தைப் பிடித்த பிறகும் எகிப்துக்குத் தனிக் காசுதான். டைபீரியஸ் காலத்தில், கி.பி. 20 வாக்கில், அலெக்ஸாந்திரியாவில் வெள்ளி கலந்த செம்பில் டெட்ராட்ராக்ம், அதாவது நாலு திராக்மா காசு, அடிக்கத் தொடங்கினார்கள். 290களில் டயோக்ளீஷியன் காசு முறையை மாற்றும்வரை அது ஓடியது. முன்பக்கம் பேரரசர் தலை, எழுத்து கிரேக்கம். பின்பக்கம் பெரும்பாலும் ஒரு தெய்வம். கிரேக்கச் சாமி, எகிப்தியச் சாமி, ரெண்டும் கலந்த சாமி, "நீதி", "நம்பிக்கை" என்று குணத்துக்கே உருவம் கொடுத்த சாமி என்று ஒரு கூட்டமே உண்டு. அதில் பலருக்குப் பக்கத்தில் பெயர் போடவில்லை. அன்றைக்குச் சந்தையில் நின்றவனுக்குப் பார்த்ததும் தெரிந்திருக்கும். நமக்குத்தான் கண்ணைக் கசக்க வேண்டியிருக்கிறது.

ராத்திரி கோஷரி. அரிசி, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே வறுத்த வெங்காயம். சைவக்காரர்களுக்கு இந்த ஊரில் இதுதான் கதி, நல்ல கதி. மீதிச் சில்லறையில் ஒரு பவுண்டு காசு வந்தது. அதில் துத்தன்காமனின் முகமூடி. ஐம்பது பியாஸ்டரில் கிளியோபாட்ரா. பெயர் போடாவிட்டாலும் யாருக்கும் தெரியும் முகங்கள்.

நாள் 2: ரோடா தீவு

இன்றைக்கு ஒரே இடம். நைலுக்கு நடுவில் ரோடா தீவு, அதன் தெற்கு முனையில் நைலோமீட்டர். 861இல் அப்பாசியக் கலீபா முத்தவக்கில் கட்டியது. சதுரமான ஆழக் கிணறு, சுவரோரமாகப் படிகள், நடுவில் எட்டுப் பட்டைப் பளிங்குத் தூண், தூணில் முழக் கணக்கு. ஆற்றிலிருந்து மூன்று மட்டங்களில் சுரங்க வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். தூணில் எந்தக் கோடுவரை ஏறுகிறது என்று பார்த்து அந்த வருஷத்து விளைச்சலையும் வரியையும் கணித்தார்கள். 1970இல் அஸ்வான் உயர் அணை முடிந்தபின் வெள்ளமும் இல்லை, அளக்கவும் வேலையில்லை. வழிகளை அடைத்துவிட்டார்கள். கிணற்றுக்குள் இறங்கினால் காலில் ஈரம்கூட ஒட்டாது.

படியில் இறங்கும்போது மனைவி கேட்டாள், "ஏனுங்க, காசுச் சாமியப் பாக்க வந்துட்டு கெணத்தப் பாக்கறமே?"

காரணம் இருக்கிறது. இது காசுக்கு எழுநூறு வருஷத்துக்கும் மேல் பிந்திய கட்டடம்தான், ஆனால் அளக்கும் பழக்கம் பாரோக்கள் காலத்தது. ரோமானிய எழுத்தாளர் பிளினி ஒரு கணக்குச் சொல்கிறார்: நைல் 12 முழம் ஏறினால் பஞ்சம், 13 என்றாலும் பசிதான், 14 என்றால் முகத்தில் சிரிப்பு, 15 என்றால் கவலையில்லை, 16 என்றால் ஆனந்தம். அந்தப் 16 அலெக்ஸாந்திரியக் காசிலும் இருக்கிறது. நைலோஸ் என்ற ஆற்றுத் தெய்வம் ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்திருப்பார், பக்கத்தில் முதலையோ நீர்யானையோ, மேலே வெற்றிடத்தில் கிரேக்க எண்ணில் 16. தாடிக்காரத் தாத்தா, கையில் நாணல், இன்னொரு கையில் பழமும் கதிரும் வழியும் வளக்கொம்பு. வாடிகனில் இருக்கும் புகழ்பெற்ற நைல் சிலைமேல் குழந்தைகள் ஏறி விளையாடுவார்கள். அவர்களும் 16 பேர், முழத்துக்கு ஒருவர்.

முழு உருவமாகப் படுத்திருந்தால் நைலோஸை அடையாளம் காணக் கஷ்டமே இல்லை. கஷ்டம் மார்பளவு மட்டும் காட்டும் காசில். அங்கே முதலையும் கிடையாது, 16ம் கிடையாது. தாடி வைத்த ஒரு பெரியவர், தலைமேல் ஏதோ ஒன்று. செராபிஸும் தாடி வைத்த பெரியவர், தலைமேல் ஏதோ ஒன்று.

என் காசில் இருப்பதும் அதுதான். தாடி வைத்த ஒரு பெரியவர். தலைமேல் ஏதோ ஒன்று.

நாள் 3: ரயில், அலெக்ஸாந்திரியா

ராம்செஸ் நிலையத்திலிருந்து ரயில். மூன்று மணி நேரத்துக்குள் கடல் காற்று. வழியெல்லாம் டெல்டா: வாய்க்கால், பெர்சீம் தீவன வயல், பேரீச்சை, புறாக்கூண்டு. ஜன்னலோரம் நான் போட்டோவை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிக்கொண்டு வந்தேன்.

எழுத்தில் இரண்டு பொறி உண்டு. ஆங்கிலம் படித்த கண்ணுக்கு "சி" போலத் தெரிவது சிக்மா, "பி" போலத் தெரிவது ரோ. இது பழகிவிட்டால் என் காசின் முன்பக்கத்தில் "...ட்ராய் ஹாட்ரியா செப்" என்று ஓடுவது புரியும். ட்ராயனோஸ் ஹாட்ரியானோஸ் செபஸ்டோஸ். செபஸ்டோஸ் என்பது அகஸ்டஸ் என்பதன் கிரேக்கம். அரசர் யார் என்பதில் விற்றவர் தப்புச் செய்யவில்லை.

அடுத்தது ஆண்டு. ஆங்கில "எல்" போல ஒரு குறி இருக்கும், அது எழுத்தில்லை, "ஆண்டு" என்பதன் சுருக்கம். அதற்குப் பக்கத்தில் வருவது அரசாண்ட வருஷம்: ஆல்ஃபா என்றால் 1, பீட்டா என்றால் 2, அயோட்டா என்றால் 10. ஒன்பதுக்கு மட்டும் தீட்டாவைப் போடாமல் பல சமயம் "எனாட்டூ" என்று சொல்லாகவே எழுதிவிடுவார்கள். சாவு என்ற சொல் தீட்டாவில் தொடங்குவதால் ஆகாது என்று ஒதுக்கினார்கள் என்பார்கள். எட்டாம் நம்பர் வீட்டுக்கு வாடகை குறைத்துக் கேட்கும் ஊர்க்காரன் நான், எனக்கு இதில் ஆச்சரியமில்லை.

எகிப்திய வருஷம் ஆகஸ்ட் 29இல் பிறக்கும். ஹேட்ரியன் பட்டத்துக்கு வந்தது 117 ஆகஸ்ட் 11. ஆக, அவருடைய முதலாம் ஆண்டு பதினெட்டே நாள். அதன்பின் இரண்டாம் ஆண்டு வந்துவிட்டது. என் காசில் அயோட்டா தெளிவு, அதற்கடுத்த எழுத்து தேய்ந்துவிட்டது. பத்துக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் ஏதோ ஒன்று, அதாவது 125-126இலிருந்து 134-135க்குள். ஹேட்ரியன் எகிப்துக்கே வந்தது 130இல். அந்த வருஷம்தான் அவருடைய பிரியத்துக்குரிய ஆன்ட்டினூஸ் நைலில் மூழ்கி இறந்தான். 19ஆம் ஆண்டுக் காசுகளில் அவன் முகத்தையே அடித்தார்கள்.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடந்தோம். நான் கரூர்க்காரன். அமராவதி ஆற்று மணலைச் சலித்து ரோமானியக் காசு எடுத்தவர்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் பெரும்பாலும் கிடைப்பது ரோமாபுரியின் தெனாரியஸ் வெள்ளி, தங்கம். அலெக்ஸாந்திரியக் காசு கிடைப்பது அபூர்வம். நம் மிளகு இந்தத் துறைமுகத்தில்தான் வந்து இறங்கியது. முசிறியிலிருந்து வந்த சரக்கு பற்றிய பாப்பிரஸ் ஒப்பந்தம் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. அதன்படி சரக்குக்குச் சுங்கம் கால் பங்கு. செங்கடல் துறைமுகமான குசேர் அல் கதீமில் தமிழ் பிராமி எழுதிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் இந்தச் செம்பு கலந்த காசுக்கு எகிப்து எல்லைக்கு வெளியே மதிப்பில்லை. வெளிநாட்டுக் காசைக் கொண்டுவந்தவன் இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும்; போகும்போது இதைத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்வான்? காசாளன் மூளைக்கு இந்த ஏற்பாடு உடனே பிடித்துப்போயிற்று.

நாள் 4: கிரேக்க ரோமானிய அருங்காட்சியகம்

கிரேக்கக் கோயில் முகப்பு, மேலே "மூசேயோன்" என்று கிரேக்கத்தில். 1892இல் தொடங்கிய நிறுவனம் இது. 2005இல் பழுது பார்க்க மூடினார்கள், 2023 அக்டோபரில்தான் திறந்தார்கள். பதினெட்டு வருஷம் பூட்டிக் கிடந்த கதவுக்குள் நுழைகிறோம் என்ற நினைப்பே ஒரு மாதிரி இருந்தது.

உள்ளே ஆளை நிறுத்துவது கறுப்புக் கல் காளை. ஆப்பிஸ். 1895இல் செராபிஸ் கோயில் மேட்டில் துண்டுகளாகக் கிடைத்து ஒட்டியது, ஹேட்ரியன் காலத்தது. கொம்புகளுக்கு நடுவில் சூரிய வட்டு. காசில் ஒரு மாடு நின்றால் இந்த வட்டைத் தேட வேண்டும். இருந்தால் ஆப்பிஸ், இல்லையென்றால் வெறும் மாடாகவும் இருக்கலாம்.

இந்தக் காளையிலிருந்துதான் செராபிஸ் பிறந்தார் என்றே சொல்லலாம். மெம்பிஸில் செத்த ஆப்பிஸ் காளை, இறந்தவர்களின் தெய்வமான ஓசிரிஸோடு சேர்ந்து ஓசோர்-ஹாப்பி ஆகும். எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சமான தாலமிகள் காலத்தில் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு கிரேக்கர் கும்பிடத் தோதாக ஒரு முகம் கொடுத்தார்கள்: சுருண்ட தாடி, நெற்றியில் சரியும் முடிக் கற்றைகள், காலடியில் மூன்று தலை நாய், தலைமேல் தானியம் அளக்கும் மரக்கால். கிரேக்கத்தில் அதற்குக் கலாத்தோஸ் என்றும், லத்தீனில் மோடியஸ் என்றும் பெயர். படிப்பவர்கள் இதற்கு "தலைக்கவசம்", "கூடை" என்றெல்லாம் எழுதிக் குழப்புகிறார்கள். நமக்கு மரக்கால் என்ற சொல் இருக்கும்போது ஏன்? களத்தில் நெல் அளக்கும் அதே சாதி ஏனம்தான்.

ஃபாயும் வட்டாரத்துத் தேயாடெல்ஃபியா என்ற ஊரிலிருந்து வந்த ஆளுயர மரச் செராபிஸ் இங்கே உட்கார்ந்திருக்கிறார். மரம் இத்தனை நூற்றாண்டு தாங்கியது அந்த ஊர் வறட்சியால். முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். பளிங்குத் தலைகள் பலவற்றில் மரக்காலைத் தனியாகச் செய்து பொருத்தியிருப்பார்கள், அது எப்போதோ விழுந்து தொலைந்திருக்கும். அப்போது நெற்றிக் கற்றைகளை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

காசுகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிகளுக்கு வந்ததும் மனைவிக்கு ஒரு விளையாட்டு வைத்தேன்: விளக்க அட்டையைக் கையால் மறைத்துக்கொள்வேன், அவள் யார் என்று சொல்ல வேண்டும். நான் மூன்று வருஷம் புத்தகம் புரட்டிக் கற்றதை அவள் அரை மணியில் பிடித்துவிட்டாள். கோயில் தூணில் சிற்பம் பார்த்து வளர்ந்த கண். முகத்தைப் பார்ப்பதே இல்லை, தலை, கை, கால்மாட்டில் நிற்கும் பிராணி என்று போகிறாள்.

"கையில துடுப்பு."

"டைக்கி, அதிர்ஷ்ட தேவதை. கப்பலைத் திருப்புற துடுப்பு."

"இவ கையில தராசு."

"திக்கையோசினி. நீதி."

"இவ ஒரு பூவ வெச்சுக்கிட்டு பொடவைய லேசாத் தூக்கிக்கிட்டு நிக்கறா. சேத்துல எறங்கறாளா?"

நான் சிரித்த சிரிப்பில் காவலர் திரும்பிப் பார்த்தார். அது எல்பிஸ், நம்பிக்கை. பூவும் தூக்கிய ஆடை நுனியும்தான் அவளுடைய அடையாளம். இனி எல்பிஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சேறுதான் ஞாபகம் வரும்.

யானைத் தோலைத் தலையில் போர்த்திய பெண்ணை அவள் "வேட்டைக்காரி" என்றாள். அது அலெக்ஸாந்திரியா நகரமே பெண்ணாக நிற்பது. தும்பிக்கை நெற்றிக்கு மேலே நீண்டிருக்கும். காதோரம் ஆட்டுக்கடா கொம்பு சுருண்டிருந்தால் ஸீயஸ் அம்மோன். வாயில் விரல் வைத்த பையன் ஹார்ப்போகிராட்டிஸ், ஈசிஸ் தேவியின் மகன். விரல் வைப்பது எகிப்தில் "குழந்தை" என்பதற்கான சைகை. கிரேக்கர்களும் ரோமானியர்களும் அதை "உஷ்... பேசாதே" என்று எடுத்துக்கொண்டு, அவனை மௌனத்தின் தெய்வமாகவே ஆக்கிவிட்டார்கள். சைகையைத் தப்பாகப் புரிந்துகொண்டால் சாமியின் உத்தியோகமே மாறிவிடுகிறது.

சிக்கல் வந்தது மரக்காலில். மரக்கால் இருந்தால் செராபிஸ் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரு தலைக்கு முன்னால் நின்று "செராபிஸ்" என்றாள். அட்டையில் ஹெர்மானூபிஸ். கிரேக்க ஹெர்மிஸும் எகிப்திய அனூபிஸும் ஒட்டிய ஆள். இவர் தலையிலும் மரக்கால்.

"நீங்க சொன்னது தப்பு," என்றாள்.

"தாடி இருக்கா பாரு."

இல்லை. ஹெர்மானூபிஸ் இளைஞன், மழுங்க மழித்த முகம். தேய்ந்த காசில் தாடி அழிந்துவிட்டால் பக்கத்தில் ஈச்ச ஓலை இருக்கிறதா, இரண்டு பாம்பு சுற்றிய தண்டம் இருக்கிறதா, முழு உருவமென்றால் காலடியில் நரி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிறகு அவளாகவே என் பட்டர் பேப்பரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டி, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, மரக்காலுன்னா வாய் மட்டமாத்தான இருக்கும்?"

"ஆமா."

"இது மட்டமா இல்லையே. ரெண்டு மொட்டு முட்டிக்கிட்டு நிக்கற மாதிரியில்ல இருக்குது?"

நைலோஸின் தலையில் இருப்பது தாமரை மொட்டுகள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பென்சில் தேய்ப்பில் பேப்பர் நகர்ந்திருந்தாலும் ஒரு கோடு இரண்டாகத் தெரியும். இராத்திரி மகளுக்குச் செய்தி அனுப்பினேன்: அறை விளக்கை அணைத்துவிட்டு, காசைக் கறுப்புத் துணியில் வைத்து, போன் டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடு. நேர் வெளிச்சத்தில் தேய்ந்த காசு வழுக்கையாகத்தான் தெரியும். பக்கவாட்டில் விழுந்தால் மிச்சமிருக்கும் மேடு ஒவ்வொன்றுக்கும் நிழல் விழும்.

நாள் 5: கோம் அல் ஷோகாஃபா

பெயருக்கு "ஓட்டாஞ்சில்லு மேடு" என்று அர்த்தம். 1900இல் ஒரு கழுதை குழிக்குள் விழுந்ததால் வெளியே தெரியவந்த நிலத்தடிக் கல்லறை. கிணறு மாதிரி நடுவில் வெளிச்சக் குழி, அதைச் சுற்றி இறங்கும் சுருள் படி, கீழே உறவினர்கள் வந்து விருந்துண்ணக் கல் திண்ணைகள் வைத்த அறை. இரண்டாம் நூற்றாண்டு வேலை. என் காசு புழங்கிய கைகளே இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

தலைமைக் கல்லறையின் வாசலில் இரண்டு பக்கமும் இரண்டு பாம்பு. நின்றுவிட்டேன். காசில் ஒரு நகத்தளவுக்குப் பார்த்தது இங்கே சுவரளவு. தாடி வைத்த பாம்பு, தலையில் மேல் எகிப்து, கீழ் எகிப்து இரண்டையும் சேர்த்த இரட்டைக் கிரீடம், சுருளுக்குள் இரண்டு பாம்பு சுற்றிய ஹெர்மிஸ் தண்டம். மேலே கேடயத்தில் மெடூசா தலை. அகாத்தோடைமோன், "நல்ல தேவதை", அலெக்ஸாந்திரியா நகரத்துக் காவல் பாம்பு.

காசில் பாம்பு வந்தால் இரண்டு பெயர் அடிபடும்: அகாத்தோடைமோன், யுரேயஸ். புத்தகங்கள் இதற்குப் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. மனைவி ஒரே வரியில் முடித்தாள்: "இது சாரை. அது நாகம்." அவ்வளவுதான் விஷயம். யுரேயஸ் படமெடுத்த நாகம். கழுத்து அகன்றிருக்கும், தலையில் வட்டும் கொம்பும், சில சமயம் ஈசிஸின் கிலுகிலுப்பையான சிஸ்ட்ரமும் கூட இருக்கும். அகாத்தோடைமோன் படமெடுப்பதில்லை. ஹேட்ரியன் காசு சிலவற்றில் இரண்டும் எதிரெதிரே நிமிர்ந்து நிற்கும். ஊரில் அரசமரத்தடி நாகர் கல் பார்த்தவர்களுக்குச் சட்டென்று மனதில் ஒட்டும் காட்சி. நீரோவுக்கு இந்தப் பாம்பின்மேல் தனி ஆசை. "புதிய அகாத்தோடைமோன்" என்று தன்னையே சொல்லிக்கொண்டு காசு அடித்தார். பாம்புக்கு அது கௌரவமா என்று தெரியவில்லை.

உள்ளே திரும்பினால் வாசலின் இரு மருங்கிலும் அனூபிஸ். ஒருவர் நாய்த் தலையோடு ரோமானியப் போர்வீரன் உடையில். இன்னொருவருக்கு இடுப்புக்குக் கீழே பாம்பு வால். ஒரு நரியையும் ரோமப் படைவீரனையும் இப்படிச் சேர்த்துத் தைத்தவர்களுக்கு, தாடிக்காரர் தலையில் மரக்கால் வைப்பது பெரிய விஷயமே இல்லை.

வெளியே வந்ததும் ஒருவர் கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினார். ஐந்தாறு பச்சைக் காசுகள். "அந்தீக்கா, அந்தீக்கா." நான் கையில் வாங்கினேன், பழக்க தோஷம். இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி விளிம்புச் சிதைவு. அச்சில் அடித்த காசு இரண்டு அப்படி ஒரே மாதிரி உடையாது. ஒரு காசை அச்சுவார்த்து ஊற்றினால் சிதைவும் சேர்ந்தே வரும். ஓரத்தில் விரல் ஓட்டினால் வார்ப்புத் தையல் தட்டுப்பட்டது. பச்சை நிறம் நகத்தில் ஒட்டிக்கொண்டது. வங்கிக் கவுண்டரில் கள்ள நோட்டைத் திருப்பித் தருகிற அதே முகத்தோடு திருப்பித் தந்தேன். பொய்யென்றால் ஏமாற்று, மெய்யென்றால் இன்னும் மோசம்: 1983ஆம் வருஷத்து 117ஆம் எண் சட்டம் இங்கே தொல்பொருள் வியாபாரத்தையே தடை செய்துவிட்டது. மகள் வாங்கியது இந்தச் சட்டத்துக்கு முன்பே வெளியேறிப் பழைய சேகரிப்பு ஒன்றில் இருந்தது என்று காகிதம் இருக்கிறது. இல்லையென்றால் அதையும் தொட்டிருக்க மாட்டேன்.

நாள் 6: தூண்

பாம்பேயின் தூண் என்று பெயர், ஆனால் அந்த ரோமானியத் தளபதி பாம்பேக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டயோக்ளீஷியனுக்காக நட்டது. பீடத்தோடு சேர்த்து சுமார் 27 மீட்டர், அஸ்வான் சிவப்புக் கல், தண்டு ஒரே கல். இவர்தான் அலெக்ஸாந்திரியாவின் தனிக் காசுக்கும் முடிவு கட்டியவர். காசை நிறுத்தியவருக்குக் காசுச் சாமியின் கோயில் முற்றத்திலேயே தூண்.

தூணைச் சுற்றி வெறும் மேடு. இதுதான் செராபியம். மூன்றாம் தாலமி கட்டிய கோயில். அடிக்கல்லுக்குக் கீழே வைத்த தங்கம், வெள்ளி, வெண்கலம், கண்ணாடித் தகடுகள் 1940களில் கிடைத்தன. கிரேக்கத்திலும் எகிப்தியச் சித்திர எழுத்திலும் "செராபிஸுக்கு" என்று எழுதியவை. 391 வாக்கில் இடித்துவிட்டார்கள். ட்ராயன், ஹேட்ரியன் காலத்துப் பெரிய செம்புத் திராக்மாவில் இந்தக் கோயிலின் தூண்களும் நடுவில் செராபிஸும் இருக்கும். மைதானத்தைப் பார்ப்பதைவிட அந்தக் காசைப் பார்த்தால் கோயில் நன்றாகத் தெரியும்.

எனக்கு இங்கே வேறு ஒரு கணக்கு இருந்தது. இந்த மேட்டிலும் ஒரு நைலோமீட்டர் இருந்தது. அதைவிட முக்கியம், நைல் வெள்ளத்தை அளக்கும் முழக்கோல் செராபிஸ் கோயிலில்தான் வைக்கப்பட்டிருந்தது. கிறிஸ்தவத்துக்கு மாறிய பேரரசர் கான்ஸ்டன்டைன் அதை எடுத்துத் தேவாலயத்தில் வைக்கச் சொன்னார். "செராபிஸ் கோபித்துக்கொள்வார், இந்த வருஷம் தண்ணீர் வராது" என்று ஊர் பேசியது. தண்ணீர் வந்தது. பின்னால் வந்த, பழைய சாமிகளுக்கே திரும்பிய பேரரசர் ஜூலியன் கோலைத் திரும்பக் கோயிலுக்கே அனுப்பச் சொன்னார்.

ஆக, தண்ணீர் நைலோஸுடையது, தண்ணீரை அளக்கும் கோல் செராபிஸ் வீட்டில். தண்ணீர் ஏறினால் தானியம், தானியத்தை அளக்க மரக்கால், மரக்கால் செராபிஸ் தலையில். தேய்ந்த காசில் இந்த இருவரையும் விற்றவர் குழப்பிக்கொண்டதற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த மேட்டில் நின்றால் இருவரும் ஒரே பண்ணையத்தின் இரண்டு பங்காளிகள் மாதிரிதான் தெரிகிறார்கள்.

வெயில். நிழல் என்று பார்த்தால் தூணின் நிழல் ஒன்றுதான். இரண்டு பேரும் அந்தக் கீற்றுக்குள் நெருக்கி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றோம்.

நாள் 7: கைத்பே கோட்டை

1477இல் மம்லூக் சுல்தான் கைத்பே கட்டிய கோட்டை. ஃபாரோஸ் கலங்கரை விளக்கம் நின்ற இடம். நிலநடுக்கங்களில், கடைசியாக 1303லும் 1323லும், அது விழுந்தது. டொமிஷியன் தொடங்கிப் பல அரசர் காசில் கலங்கரை விளக்கம் நிற்கிறது. மேல் தட்டு மூலைகளில் ட்ரைட்டன்கள் என்ற மீன்வால் கடல் தெய்வங்கள் சங்கு ஊதுகின்றன. அதன் பக்கத்தில் ஈசிஸ் ஃபாரியா இரண்டு கையாலும் புடைத்த பாயைப் பிடித்துக்கொண்டு காற்றில் சாய்ந்து நிற்பாள். ஈசிஸை மற்ற இடங்களில் தலையின் வட்டு, கொம்பு, இறகு, மார்பில் போட்ட முடிச்சு என்று தேட வேண்டும். இங்கே பாய் ஒன்றே போதும், யாரும் தவறவிட மாட்டார்கள்.

மதில்மேல் மனைவியின் முந்தானை பின்னால் பாய் மாதிரிப் புடைத்துக்கொண்டது. படம் எடுத்தேன். அவளுக்குப் பிடிக்கவில்லை, அழித்துவிடச் சொன்னாள், இன்னும் அழிக்கவில்லை.

அப்போதுதான் மகளின் படம் வந்தது. சொன்னபடியே கறுப்புத் துணி, பக்கவாட்டு வெளிச்சம். மூன்று வருஷமாக வழுக்கையாக இருந்த இடத்தில் தலையின் முன்னால் கூராக இரண்டு முனை. மட்டமான வாய் எங்கும் இல்லை. தோளோரம் நான் இதுவரை கீறல் என்று நினைத்திருந்த கோடு, கீழே குறுகி மேலே அகன்று வளைகிறது. மேல் நுனியில் நாலைந்து புள்ளி மேடு. பழங்கள். வளக்கொம்பு.

போனை மனைவியிடம் நீட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தாள். "மொட்டுன்னு நாஞ் சொன்னனா இல்லையா?"

மகளைக் கூப்பிட்டேன்.

"நைலோஸா அப்பா? செராபிஸ் இல்லையா? விலை கொறையுமா?"

"விலை கிடக்கட்டும்மா. உறையில நைலோஸ்னு எழுது."

"பழசை அடிச்சிடட்டுமா?"

"ஒரே ஒரு கோடு போட்டு அடி, கிழிக்காதே. அவர் எழுதினதும் படிக்கற மாதிரி இருக்கட்டும். பக்கத்துல நம்ம தேதி போடு."

அயோட்டாவுக்கு அடுத்த எழுத்து இன்னும் பிடிபடவில்லை. இந்தப் படத்தில் அந்த இடத்தில் தலையின் நிழல் விழுந்துவிட்டது. டார்ச்சை எதிர்ப்பக்கம் வைத்து இன்னொன்று எடுக்கச் சொன்னேன். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, சனிக்கிழமை எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.